காலிக் கட்டம்

"சாதியை மொதல்ல போட்டுரும்மா. நம்ம ஆளுங்க மட்டும் வந்தாப் போதும்" என்றார் கோல சிலாங்கூர் திருமண மையத் தலைவர் தங்கராஜு. அவர் மகனுக்குப் பெண் தேட வேண்டும்.

சனிக்கிழமைகளில் அவர் வீட்டு முன்னறையில் மையத்தின் கணினி வேலையைப் பார்ப்பவள் குமுதா. காகிதக் கப்பில் ஆறிக் கிடந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கட்டளைகளைத் தட்டும் ஷெல்லின் கறுப்புத் திரையில் அவர் சாதியைத் தட்டினாள். அறுநூறு பெண்களைச் சலிக்கும் ஸ்கிரிப்ட் நிரலை ஓட்டினாள்.

ஒரே பெயர் வந்தது. குமுதா.

தங்கராஜு எட்டிப் பார்த்தார். "அட, நீ நம்ம பிள்ளையா! ரெண்டு வருசமா சொல்லவே இல்லையே லா!"

"இல்லீங்க ஐயா, இது..."

"கம்ப்யூட்டரு பொய் சொல்லுமா?" உள்ளே திரும்பி மனைவியிடம் கத்தினார். "விமலா! குமுதாவுக்கு நம்ம கண்ணாடிக் கிளாஸ்ல தே கொண்டா!"

குமுதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஷெல்லில் தட்டிய சாதியை ஸ்கிரிப்டின் கையில் கொடுக்க மறந்திருந்தாள். வெறுங்கையோடு போன ஸ்கிரிப்ட், சாதிக் கட்டத்தைக் காலியாக விட்டவளைப் பிடித்து வந்திருந்தது. அவளும் வரன் தேடிப் பதிந்திருந்த அந்த அறுநூறு பேரில் அப்படி விட்டவள் அவள் ஒருத்திதான்.

கிளாஸ் வந்தது. கழுவுகிற வேலை மிச்சம் என்றுதான் இத்தனை நாள் தனக்குக் காகிதக் கப்பில் தருகிறார்கள் என அவள் நினைத்திருந்தாள்.

உதடு பதியப் பதியக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"ஸ்கிரிப்ட் தப்புங்க ஐயா. நான் உங்க ஆளு இல்ல."

தங்கராஜுவின் பார்வை நேராகக் கிளாஸின் விளிம்புக்குப் போனது.