மூடியைத் திறந்த கை

“இங்க நிக்கிறவங்கள்ல ஒரு ஆளுதான் என் தொட்டியக் கெடுத்தது. யாருன்னு எனக்குத் தெரியும். அதுவா வாயத் திறக்குதான்னு பாக்கறேன்!”

திருச்செல்வம் போட்ட சத்தத்தில், மேரு தொழிற்பேட்டையில் பக்கத்து நாற்காலி ஃபேக்டரிக்காரர்களே வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

மூன்றாவது தொட்டியும் போச்சு.

எண்ணெய் பிழிந்தபின் ஆலைகள் தூக்கி வீசும் செம்பனை வெற்றுக் குலையை அரைத்து, காய்ச்சி, சர்க்கரைப் பாகாக்கி, ஒரு வகை ஈஸ்ட்டுக்குத் தின்னக் கொடுப்பார்கள். அது தின்று கொழுத்து, உடம்புக்குள்ளேயே எண்ணெய் சேர்த்து வைக்கும். முகக் கிரீம் செய்கிறவர்கள் தேடி வந்து கேட்கிற எண்ணெய். பல வருஷம் அந்தக் குலையை லோரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டிய திருச்செல்வம், லோரியை விற்றுத்தான் தொட்டிகளை வாங்கினார்.

இப்போது தொட்டியில் எண்ணெய் இல்லை. புளித்த நாற்றம்தான் இருந்தது.

“வெளிக்கிருமி புகுந்திருக்கு அங்கிள்,” என்றாள் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் வசுந்தரா. “நம்ம ஈஸ்ட்டோட சாப்பாட்ட அது பிடுங்கித் தின்னுருச்சு. கிருமி சாக ஆவி அடிச்சு மூடினப்புறம் யாரோ மூடியைத் திறந்திருக்காங்க.”

“யாரோ என்ன யாரோ? தொட்டி கழுவுறது யாரு?”

எல்லாரும் நல்லம்மாளைப் பார்த்தார்கள்.

“பாஸ், நான் கழுவுறதோட சரி. ஆவி அடிச்சப்புறம் கிட்டவே போறதில்ல.”

“வீட்டுல எத்தனை கோழி வச்சிருக்கே?”

“பதினொண்ணு.”

“கேட்டுக்குங்க! கோழிக்கூண்டுல விட்ட கைய அப்படியே கொண்டாந்து என் தொட்டியில விடுது இந்தம்மா!”

“குளிச்சிட்டுத்தான் பாஸ் வரேன். கிளவுஸ் போடுறேன், தலைக்கு உறை போடுறேன். நீங்கதான் ஒண்ணும் போடுறதில்ல.”

பின்னாலிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகிப் போனது.

“எனக்கே பாடம் எடுக்கிறியா? நாளையிலேர்ந்து வராத!”

“பாஸ், எனக்கு அம்பத்தாறு வயசு. இனிமே எந்த ஃபேக்டரியில என்னை எடுப்பாங்க?”

“கோழி விக்கலாம்லா. பதினொண்ணு இருக்கே.”

வசுந்தரா குறுக்கே வந்தாள். “அங்கிள், கண்ணால பாக்காம ஒருத்தர…”

“நீங்க படிச்சவங்க, பாவம் பாப்பீங்க. நான் செலாயாங் பாசார்ல காய்கறி மூட்டை தூக்கி வந்தவன். மூஞ்சியப் பாத்தே ஆள எடை போட்ருவேன்.”

நல்லம்மாள் கிளவுஸைக் கழற்றி, மடித்து, மேசை மேல் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

கூட்டம் கலைந்ததும் திருச்செல்வம் குரலைத் தணித்தார்.

“நாலாவது தொட்டிய எப்ப போடலாம்மா?”

“பாகு ரெடி. வியாழக்கிழமை ஆவி அடிச்சு மூடிடலாம்.”

“நல்லதாப் போச்சு. வெள்ளிக்கிழமை காலையில நான் வந்துடறேன். இந்தத் தடவை கஞ்சத்தனம் பண்றதா இல்ல.”

“எதுல அங்கிள்?”

“சாமி காரியத்துலதான். மூணு தடவையும் கோயில் தீர்த்தம் ஒரு செம்புதான் ஊத்தினேன். அவ்ளோ பெரிய தொட்டிக்கு ஒரு செம்பு எப்படிக் காணும்? அதான் சரிப்பட்டு வரல. இந்தத் தடவை ஒரு குடம், துளசியோட. ஐயர்கிட்ட சொல்லியாச்சு.”

வசுந்தரா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்க ஊத்தினீங்க?”

“தொட்டிக்குள்ளதான். மூடியைத் திறந்து. பின்ன வாசல்லயா தெளிப்பாங்க? ஏம்மா அப்படிப் பாக்கறீங்க? தீர்த்தத்துல போய் எங்கயாச்சும் கிருமி…”

சொல்லும்போதே அவர் கண் தொட்டியின் மூடிக்குப் போனது.

வசுந்தரா ஜன்னல் வழியே பார்த்தாள்.

“அங்கிள், பஸ் இன்னும் வரல. நல்லம்மா அக்கா கேட்டுக்கு வெளியதான் நிக்கிறாங்க. போய்க் கூட்டிட்டு வாங்க. அதே ஆளுங்கள மறுபடி நிக்க வச்சு, அதே சத்தத்துல சொல்லுங்க, தொட்டியக் கெடுத்தது யாருன்னு.”