சத்தம் போடாத கேமரா

“புதுச் செருப்பை இப்பவே வீட்டுக்குள்ள போட்டுப் பழகிடும்மா. கல்யாணப் பொண்ணு நொண்டினா ஒரு படமும் உருப்படாது,” என்றாள் போனில் போட்டோகிராபர்.

“சரிக்கா.”

“அன்னைக்குக் காலையில வயிறு நிறையச் சாப்பிடு. வெட்கமெல்லாம் அப்புறம் பட்டுக்கலாம்.”

மணப்பெண் சிரித்தாள். “அக்கா, உங்க கேமரா சத்தம் போடுமா?”

“மூச்சுகூட விடாது. கவலைப்படாதே.”

“ஐயோ, எனக்குச் சத்தம் வேணுமே!”

“எல்லாரும் வேண்டாம்னுதானே சொல்வாங்க?”

“சின்ன வயசுலேருந்து எந்தப் படத்துலயும் நான் நேரா பார்த்ததில்லையாம். அம்மாவுக்கு அது பெரிய குறை. கல்யாணப் படத்துலயாவது அவங்களைப் பார்த்துச் சிரிக்கணும்.”

“அதுக்குச் சத்தம் எதுக்கும்மா?”

“எனக்குக் கண்ணு தெரியாதுக்கா. சத்தம் வந்தாத்தானே அந்தப் பக்கம் திரும்ப முடியும்?”

போட்டோகிராபர் கேமராவின் சத்தத்தைக் கூட்டி, போனருகே வைத்துப் பட்டனை அழுத்தினாள்.

“இது போதுமா, கேட்டுச் சொல்லு.”