மக்கர் செய்த மூணாமவன்

ஒரு பழைய காரில் நான்கு சிலிண்டர்கள் அண்ணன் தம்பிகளாக உழைத்து வந்தார்கள். ஒருநாள் மேடு ஏறும்போது மூணாமவன் எரியாமல் நின்றுவிட, வண்டி உதறியது.

"அண்ணே, எனக்குப் பொறியே வரலண்ணே" என்றான் அவன்.

"உடம்பு வளையாதவனுக்கு ஆயிரம் சாக்கு! உன்னால எஞ்சினையே பிரிச்சுப் போடப் போறாங்க" என்று எரிந்து விழுந்தான் மூத்தவன்.

மெக்கானிக் எதையும் பிரிக்கவில்லை. பொறி கொடுக்கும் காயில்களில் மூணாமவனுடையதையும் மூத்தவனுடையதையும் இடம் மாற்றிப் போட்டு வண்டியைக் கிளப்பினார். மூணாமவன் குப்பென்று பற்றிக்கொண்டான். மூத்தவன்தான் எரியவில்லை.

"காயில்தான் போயிருக்கு" என்றார் மெக்கானிக்.

மூத்தவனுக்கு வந்ததே கோபம். "பார்த்தீங்களாடா, நல்லா ஓடிட்டிருந்த என்னை இந்த ஆளு கைவச்சுக் கெடுத்துட்டான்!"

தம்பிகள் மூவரும் போட்ட சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.