திராட்சைக் குச்சி

"ஏம்மா, நில்லு! பையில என்ன?"

மகாராணி வாசல் கேட்டைத் தாண்டி ஓடிவந்து மறித்துக்கொண்டாள். கையில் தோசைக்கரண்டி.

அந்தம்மா நின்றுவிட்டாள். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறவள் என்று பார்த்தாலே தெரிந்தது. ஒரு கையில் தூக்குவாளி, தோளில் துணிப்பை. பையின் வாயில் நாலு திராட்சைக் குச்சிகள் எட்டிப் பார்த்தன.

"கேட்டைத் தொறந்து உள்ள வந்து எடுத்துருக்க. பட்டப்பகல்ல!"

"ரெண்டு தடவ கூப்பிட்டேன் ஆத்தா. உள்ள மிக்சி ஓடிக்கிட்டு இருந்துச்சு. வேலைக்கு வேற நேரமாச்சு. குப்பையில கெடந்ததுதானேன்னு..."

"குப்பையா? நேத்துக் கவாத்துப் பண்ணிக் குமிச்சு வச்சது!"

குமித்து வைத்தது எரிப்பதற்குத்தான். போடியில் அந்தத் தெருவிலேயே பன்னீர் திராட்சைப் பந்தல் இருப்பது மகாராணி வீட்டில் மட்டும்தான். அது அப்படியே இருக்கவேண்டும் என்பதில் அவள் கவனமாக இருந்தாள். பழம் கேட்டால் ஒரு கொத்து கொடுப்பாள். குச்சி கேட்டால் மட்டும், "கம்பத்துல ஒரு நர்சரியில வாங்குனது. அங்கயே போய் வாங்கிக்கங்க" என்பாள். ஒவ்வொரு கவாத்துக்கும் வெட்டிய குச்சிகளைக் காயப்போட்டு, கொளுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு மரியம் பீவி வெளியே வந்தாள்.

"என்ன மகாராணி, காலங்காத்தால?"

"பாருங்கக்கா! தண்ணி ஊத்தி, எருப் போட்டு, பூ எடுக்குறப்ப கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு நான் வளப்பேன். இவுக வந்து நோகாம எடுத்துட்டுப் போவாக."

"குச்சிதானே, விடு. நானும் மூணு வருசமா ஒரு குச்சி கேக்குறேன். தந்தியா நீ?"

மகாராணி காதில் விழாத மாதிரி திரும்பிக்கொண்டாள். "கேட்டு வாங்கணும்க்கா. கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு திருட்டுத்தான். எந்த ஊரும்மா நீ?"

"சிலமலை."

கரண்டி கொஞ்சம் கீழே இறங்கியது.

"சிலமலையில எங்க?"

"கெணத்து வீட்டு சுந்தரம்மாள்னா எல்லாருக்கும் தெரியும் ஆத்தா."

அந்தக் கிணற்று வீடு மகாராணிக்கும் தெரியும்.

ஆறு வருசம் ஆகிறது. வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர் வீட்டுக் காதுகுத்துக்காக சிலமலை போயிருந்தாள். பந்திக்கு உட்காருமுன் கை கழுவலாம் என்றால், விசேஷ வீட்டில் குழாயடியில் கூட்டம். பக்கத்துக் கிணற்று வீட்டில் கை கழுவிக்கொள்ளச் சொன்னார்கள். கொல்லைப்புறம் போனால், தலைக்கு மேல் ஒரு திராட்சைப் பந்தல். கருகருவென்று கொத்துக் கொத்தாகத் தொங்கியது. சுற்றிப் பார்த்தாள், யாரும் இல்லை. ஒரு குச்சியை ஒடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கம்பத்து நர்சரி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

இப்போது சுந்தரம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இவளுக்கு விஷயம் தெரியுமா? தெரிந்து, மரியம் அக்கா முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்?

"தப்புத்தான் ஆத்தா. கேட்டுட்டு எடுத்துருக்கணும்." சுந்தரம்மாள் குச்சிகளை உருவி நீட்டினாள்.

மகாராணி வாங்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய், குவியலில் ஒரு கை அள்ளி வந்து மரியம் பீவியிடம் கொடுத்தாள்.

"இந்தாங்கக்கா. காயுறதுக்குள்ள வெரசா போய் ஊனிருங்க."

"யா அல்லா! ஒனக்கு என்ன ஆச்சு?" மரியம் பீவி காரணம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. மனசு மாறுவதற்குள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

தெருவில் இரண்டு பேர்தான்.

"ஒங்க வீட்டுலயே பெரிய பந்தல் இருந்துச்சே..." என்றாள் மகாராணி.

"போன வருசம் கெணறு வத்திருச்சு. கொடி பட்டுப்போச்சு. இப்பத்தான் போர் போட்டுத் தண்ணி வந்துருக்கு. மறுபடி ஊனலாம்னு பாக்குறேன். தெனமும் இந்தத் தெருவழியாத்தான் வேலைக்குப் போறேன். ஒன் பந்தலப் பாத்துக்கிட்டே போவேன்."

எங்கள் வீட்டுப் பந்தல் உனக்கு எப்படித் தெரியும் என்று சுந்தரம்மாள் கேட்கவே இல்லை. அதற்கு மேல் மகாராணியால் தாங்க முடியவில்லை.

"அக்கா... இது நர்சரியில வாங்குனது இல்ல. ஒங்க கொடிதான். காதுகுத்துக்கு வந்தப்ப, கேக்காம ஒடிச்சுட்டு வந்துட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"அடுப்படி சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

மகாராணி தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பவே சத்தம் போட்டுருக்கலாமேக்கா."

சுந்தரம்மாள் சிரித்துக்கொண்டே குச்சிகளைப் பைக்குள் வைத்தாள்.

"நீ ஒடிச்சது இளங்கொப்பு ஆத்தா. ஊனுனா அழுகிப் போகும். அதான், விசேஷ வீட்டுல பைய வச்சுட்டு நீ பந்திக்குப் போனப்ப, முத்துன குச்சியா பாத்து ஒண்ணு மாத்தி வச்சுட்டு வந்தேன்."