திருப்பி அனுப்ப விலாசமில்லை

கரமனையில் தூறல் விழுகிறது. பெட்டி ஆட்டோவில் என் கட்டிலும் அடுப்பும் நனைகின்றன. வீட்டுக்காரன் சாவியை வாங்கிக்கொண்டு வராந்தாவில் நின்று போனில் சிரிக்கிறான். கேட்டில் தபால்பெட்டியின் தகர மூடி காற்றில் அடித்துக்கொண்டே இருக்கிறது. தபால்காரி ஸ்ரீலட்சுமி ஸ்கூட்டரை நிறுத்தி, மலையாளம் கலந்த தமிழில் சொல்கிறாள். “புது அட்ரஸ் சொல்லணும் கேட்டோ, மாமா. இல்லேன்னா வர்ற லெட்டர் திரும்பிப் போகும்.” “வீடே இன்னும் கிடைக்கல. அது யாருக்குத் திரும்பிப் போவும்? அந்தப் பய என்னைக்கு அவன் விலாசத்த எழுதியிருக்கான்?” சண்டை போட்டுப் போன என் மகன் ராகேஷைத்தான் சொல்கிறேன். ஓணத்துக்கு ஓணம் ஓர் இன்லண்டு கடிதம் போடுவான். நாலு வரி இருக்கும், ஊர் பேர் இருக்காது. முத்திரை ஒவ்வொரு தடவையும் வேறு ஊர். அவன் உயிரோடிருக்கிறான் என்பதற்கு எனக்கு அது ஒன்றுதான் அத்தாட்சி.

“எதிர்வீட்ல கொடுக்கட்டா?” “பிரிச்சுப் படிப்பானுவ.” “அப்போ நான் எடுத்து வைக்காம்.” “நீ மட்டும் படிக்க மாட்டியாக்கும்? வந்தா கிழிச்சுப் போடு.” அவள் முகம் சுண்டிப்போகிறது. ஸ்கூட்டரைத் திருப்புகிறாள். நான் ஆட்டோவில் ஏறி உட்காருகிறேன். வீட்டுக்காரன் வந்து தபால்பெட்டியைப் பிடுங்கிக் குப்பையில் எறிகிறான். நான் ஆட்டோவை விட்டு இறங்கி ஓடி அவள் வண்டியைப் பிடிக்கிறேன். “ஏ பிள்ள, படிச்சிட்டுக் கிழி.”