பிரித்துச் சொன்ன ரேட்டு

"மொத்தமா சொல்லாதீங்க சார். உள்ள இன்னா இன்னா கீதோ, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ரேட்டு சொல்லுங்க" என்றார் குணசேகரன்.

லூயிஸுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மேஜைக்கு அடியில் மனைவி ஹில்டாவின் காலை மிதித்தான்.

சும்மா இல்லை, காரணம் இருந்தது. தண்டையார்பேட்டையில் அவன் நடத்துவது, வெளிக் கம்பெனிகளுக்கு எலெக்ட்ரானிக் போர்டு செய்து கொடுக்கும் பட்டறை. மூன்று மாதமாக ஆர்டர் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட வரவில்லை. வீட்டில் அடுப்பு எரிவதே, ராயபுரத்தில் மச்சான் சைமன், அதாவது ஹில்டாவின் தம்பி, பார்த்துக்கொள்ளும் தங்கள் ரிப்பேர் கடையின் புண்ணியத்தில்தான். சனிக்கிழமைக்குள் ஆர்டர் வராவிட்டால் பட்டறையில் இருக்கும் ஆறு பெண்களையும் வேலையை விட்டு அனுப்ப வேண்டியதுதான். அன்று வெள்ளிக்கிழமை.

போன மாதம் ஒரு கண்காட்சியில் கோட்டு போட்ட ஒருவர் மைக் பிடித்துப் பேசினார். சில்லறை ஆள் மொத்த விலை கேட்பானாம். பெரிய கம்பெனிதான் பிரித்துக் கேட்குமாம். மூடி மறைத்தால் எழுந்து போய்விடுமாம், திறந்து காட்டினால் ஆயிரக்கணக்கில் ஆர்டர் தருமாம். அன்றிலிருந்து யாராவது வந்து பிரித்துக் கேட்க மாட்டார்களா என்று லூயிஸ் ஏங்கிக்கொண்டிருந்தான். இதோ, கேட்டே விட்டார் ஒரு மனிதர்.

ஹில்டாவுக்குத்தான் ஆள் மேல் சந்தேகம். ரப்பர் செருப்பு, கையில் மஞ்சள் பை. அந்தப் பையிலிருந்து அவர் எடுத்து வைத்தது, தொட்டி நிரம்பியதும் தண்ணீர் மோட்டாரைத் தானாக நிறுத்தும் போர்டு ஒன்று.

"இவரப் பாத்தா கம்பெனி ஆளு மாதிரியா கீது?" என்று காதைக் கடித்தாள்.

இப்போதெல்லாம் பெரிய இடத்து ஆட்கள் இப்படித்தான் எளிமையாக வருவார்கள், நீ வாயை மூடு என்று லூயிஸ் கிசுகிசுத்தான். பிறகு குணசேகரனிடம் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, எத்தனை வேண்டும் என்று கேட்டான்.

முதலில் இந்த ஒன்று சரியாக வரட்டும், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றார் அவர்.

சாம்பிள் கேட்கிறார்! லூயிஸ் கால்குலேட்டரை இழுத்து வைத்துக்கொண்டு மளமளவென்று ஒப்பித்தான். வெறும் போர்டு அறுபத்திரண்டு, பாகங்கள் இருநூற்று நாற்பது, சால்டரிங் கூலி நாற்பத்தைந்து, டெஸ்டிங் பதினைந்து, சேதாரம் எட்டு. கல்யாணமான நாளிலிருந்து ஹில்டாவிடம்கூடச் சொல்லாத தன் லாபத்தையும் சொன்னான்: ஐம்பது. ஆக, ஆயிரம் எடுத்தால் ஒன்று நானூற்று இருபது.

"அது ஆயிரம் எடுத்தா. ஒண்ணே ஒண்ணுன்னா?" என்று கேட்டார் குணசேகரன்.

ஒன்றுக்கு மிஷினைத் தயார் செய்கிற செலவு முழுக்க அதன் தலையில்தான் விழும், ஆனாலும் அறுநூற்றைம்பதைத் தாண்டாது என்றான் லூயிஸ். குணசேகரன் அதை எழுதித் தரச் சொன்னார். லெட்டர் பேடில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்திக் கொடுத்தான்.

"இப்ப இந்த போர்டுல இன்னா கோளாறு, சொல்லுங்க பாப்போம்" என்றார் அவர்.

லூயிஸ் உஷாரானான். வேண்டுமென்றே பழுதான பீஸைக் கொடுத்துத் திறமையைச் சோதிக்கிறார்கள். இதற்கெல்லாம் அசருகிற ஆளா அவன்? போர்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கண்டென்சர் தலை உப்பியிருந்தது.

"இது ஒண்ணுதான் சார். பதினெட்டு ரூபா சாமான். ஹில்டா, மாத்திக் காட்டு."

ஹில்டா ஐந்து நிமிடத்தில் மாற்றினாள். கரண்ட் கொடுத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. குணசேகரனின் முகமும் கூடவே மலர்ந்தது. பையில் கைவிட்டுக் காசு எடுத்தவரை லூயிஸ் பதறித் தடுத்தான். சாம்பிளுக்கெல்லாம் அவன் காசு வாங்குவதில்லையாம்.

"ரொம்ப நல்லது சார். ஒரு சந்தேகம். இதே போர்டை ஒரு ரிப்பேர் கடையில குடுத்து, அவங்க போர்டே போச்சு, புதுசு மாத்தணும், நாலாயிரத்து எண்ணூறுன்னா?"

லூயிஸுக்கு ரத்தம் கொதித்தது. தொழில் தர்மம் என்று ஒன்று இல்லையா?

"பகல் கொள்ளை சார். பதினெட்டு ரூபா சாமானுக்கு இந்த ரேட்டு போட்டவன் எவனா இருந்தாலும் சரி, நாலு பேரு முன்னால நிக்க வெச்சுக் கேக்கணும். நானே வந்து கேக்குறேன்."

"உங்களப் போயி இன்னான்னவோ நெனச்சுகினு வந்தேன் சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, குணசேகரன் போர்டைப் பையில் வைத்தார்.

அவர் எழுந்ததும் லூயிஸும் எழுந்தான். உள்ளே ஆறு பெண்களும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ ஆர்டரு எப்ப சார் குடுப்பீங்க?"

"ஆர்டரா? நான் எர்ணாவூர் குடியிருப்பு சார். எங்க பிளாக்குல மோட்டார் நின்னு போயி, நாலு நாளா மூணாவது மாடி வரைக்கும் கொடம் தூக்கிகினு கீறோம்" என்றபடி அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "நாலாயிரத்து எண்ணூறுன்னு எழுதிக் குடுத்தாங்க. கொஞ்சம் கொறைங்கன்னு கெஞ்சுனேன். ரேட்டெல்லாம் எங்க மாமா போட்டது, பேசறதுன்னா அவராண்டயே போயி பேசிக்கோன்னு, ராயபுரம் கடையில சைமன் தம்பிதான் உங்க அட்ரஸைக் குடுத்துச்சு."