சேவல் தட்டிக் கேட்ட கதை

நான் ஒரு சேவல். இந்தத் தெருவில் சட்டம் பேச என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

தீபாவளிக்கு வெடிக்க அனுமதித்த நேரம் காலை ஆறிலிருந்து ஏழு. பக்கத்து வீட்டுக் கொல்லையிலோ நாலரைக்கே சரம் வெடித்தது. அடைகாத்துக்கொண்டிருந்த என் பெட்டை, முட்டைகளை விட்டுவிட்டு வைக்கோலுக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு மதிலில் ஏறினேன். அங்கே அந்த வீட்டுப் பூனை படுத்திருந்தது.

"உங்க வீட்டு ஆளுங்களுக்கு மணி பார்க்கத் தெரியாதா? போலீஸ் வந்தா என்ன ஆகும் தெரியுமா?"

பூனை சோம்பல் முறித்தது. "எங்க வீட்டம்மாவுக்குக் கடிகாரத்தைவிட உங்க மேலதான் நம்பிக்கை, அண்ணே. நீங்க கூவினதும் விடிஞ்சிடுச்சுன்னு எல்லாரையும் எழுப்பி, எண்ணெய் தேய்ச்சுக் குளிக்க வச்சுட்டாங்க. குளிச்சா அடுத்தது வெடிதானே?"

தெருமுனையில் புதிதாகப் போட்ட விளக்கைச் சூரியன் என்று நினைத்து, நான் கூவியது மூன்றரைக்கு.

கூட்டுக்குத் திரும்பினேன். பெட்டை மறுபடி முட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா நாலு கேள்வி கேட்டுட்டேன்" என்றேன். "நாளைக்கு யாரும் நேரங்கெட்ட நேரத்துல சத்தம் போட மாட்டாங்க."

"அப்போ நாளைக்கு நீங்க கூவப் போறதில்லையா?" என்றாள்.